மணிக்கூட்டில் என் பெயர்

என் மனைவியின் வலது கையை உடைத்தது நான். பாத்ரூம் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கிற ஆறு மாடிக்கும், கொட்டாஞ்சேனையில் என் கடைத் தெரு முழுவதுக்கும், ஆஸ்பத்திரியில் துண்டு எழுதின பெண்பிள்ளைக்கும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் சொன்னேன். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தீவுப் பகுதியிலிருந்து பதின்மூன்று வயதில் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவ வந்தேன். முதலாளி சாம்பார் அகப்பையால் மண்டையில் அடிப்பார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முடி வெட்டுகிறவர்கள் கேட்பார்கள். கலவரத்தில் அந்தக் கடை எரிந்தபோது பின்மதிலால் பாய்ந்து, மதிலில் பதித்த போத்தல் ஓட்டில் உள்ளங்கால் கிழிந்து, கிழிந்த காலோடு கடற்கரைத் தண்டவாளம் வழியே ஓடித் தப்பினவன் நான். திரும்பி வந்து அதே தெருவில் ஆணி விற்றேன். இன்றைக்கு இரண்டு ஹாட்வெயார் கடை. கம்பி, சீமெந்து, பைப், பூட்டு என்று கொழும்பில் வீடு கட்டுகிற எந்த மேசன் பாஸையும் கேட்டுப் பாருங்கள், என் கடையைத்தான் கை காட்டுவான். பட்டம் படித்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று கதைத்திருக்கிறார்கள்.

அடி வாங்கி வளர்ந்தேன். அடித்துக் கடையை வளர்த்தேன். சாமான் இறக்குகிறவன் பிந்தி வந்தால் கன்னத்தில் ஒன்று. கணக்குப்பிள்ளை எதிர்த்துக் கதைத்தால் பிடரியில் ஒன்று. வீட்டையும் அப்படியே நடத்தினேன்.

அது ஒரு ஞாயிறு மத்தியானம். ஒரு போத்தல் சாராயம் முடிந்திருந்தது. மற்றப் போத்தலை அவள் குசினியில் கோப்பை கழுவுகிற தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டு நின்றாள். வெறியில்லாத நேரம் நான் அவளை "நீர்", "உமக்கு" என்றுதான் கதைப்பேன். வெறியில் அது "நீ" ஆகிவிடும். "நீ ஆரடி என்ர போத்தலை ஊத்த?" என்று கேட்டு, போத்தல் பிடித்திருந்த கையை இழுத்துக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை உதைத்தேன். முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று வாயை மூடிப் பழகினவள்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரர் போட்டார்கள். மூன்றாம் நாள் நான் கடையில் நின்ற நேரம் அவள் ஹெந்தளையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். போன் எடுத்துக் கத்தினேன். நான் கத்தி முடிந்ததும் அவள் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நான் உங்களோட சண்டை பிடிக்கேல்லை. குடியை விடுற ஆக்களுக்குக் கூட்டம் இருக்காம், டொக்டர் சொன்னவர். அங்கை போங்கோ. போய், நீங்கள் செய்ததை உங்கட வாயாலை சொல்லுங்கோ. முழுக்கச் சொல்லவேணும். கை உடைஞ்சதுக்குப் பிறகு நடந்ததையும். சொன்னாப் பிறகு வாறன்."

"சொல்லாட்டில்?"

"தங்கச்சி வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்குது."

"நான் சொன்னனோ இல்லையோ எண்டு உமக்கெப்பிடித் தெரியும்?"

"நாப்பது வருசம் உங்கட பொய்யோட குடும்பம் நடத்தினனான். உண்மை வந்தால் தெரியாமலே போகும்?"

நான் போனைச் சுவரில் எறிந்தேன். அடுத்த நாள் புதுப் போன் வாங்கிக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் துண்டில் ஒரு விலாசம் எழுதித் தந்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்று, செவ்வாய் பின்னேரம் ஐந்தரை. அந்த ஒழுங்கை வாசலை மூன்று தரம் கடந்து நடந்தேன். புடவைக் கடைக்காரர் ஒருவர் கண்டுவிட்டு "என்ன அண்ணே, இந்தப் பக்கம்?" என்றார். "ஒரு பிளட் வீடு பார்க்க வந்தனான், வாங்கிற யோசினை" என்றேன். உள்ளே போனால் எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொருவராக எழும்பி "ஐ ஆம்" என்று தொடங்கி ஏதோ சொல்லிவிட்டு உட்காருகிறார்கள், மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். என் முறை வந்தது. நான் பின்னுக்கு நிற்கிற ஆளா? எழும்பி, "ஐ ஆம் ஹாட்வெயார்" என்றேன். எல்லோரும் ஒரே குரலில் "ஹலோ" என்றார்கள். கை தட்டியும் விட்டார்கள். வெளியே வரும்போது ஒரு வெள்ளைத் தலை அம்மா என் கையைப் பிடித்து, தெரிந்த தமிழில், "உங்களுக்குத் தமிழ்க் கூட்டம் கொட்டாஞ்சேனையில் இருக்கு, சனிக்கிழமை பத்து மணி" என்றார்.

கொட்டாஞ்சேனை. கோப்பை கழுவின இடம். இப்போது எல்லோரும் "முதலாளி" என்று மடித்துக் கட்டின சாரத்தை மரியாதைக்கு இறக்கி விடுகிற இடம். அங்கேயா நான் குடிகாரன் என்று போய் இருப்பது? ஹெந்தளைக்குப் போன் எடுத்தால் தங்கச்சிதான் எடுத்தாள். "அக்கா குளிக்கிறா, அத்தான்." காலையிலும் குளிக்கிறா, மத்தியானமும் குளிக்கிறா. சரி என்று சனிக்கிழமை போனேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம். புதன்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்கு ரியூஷன் வகுப்பு. சனிக்கிழமை எங்களுக்கு. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரை, இஞ்சி போட்ட பிளேன்டீ. கூட்டத்தை நடத்துகிறவர் எண்பது வயதுத் தையல்காரர் ஒருவர். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். முப்பது வருசமாக என்னை ஒருவரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "இங்க ஒரே சட்டம்தான், தம்பி. பேர் கேக்க மாட்டோம், பேர் சொல்லவும் வேணாம். இங்க கேட்டது வெளிய போகாது."

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். ஒவ்வொரு கிழமையும் அதே கதையை, அதே குரலில் சொல்லுவார். "நான் குடிச்சிட்டு எம் மகன் தொடையில கத்தரிக்கோலால குத்தினேன். பிடி முட்டுற வரைக்கும் குத்தினேன். துணி வெட்டுற பெரிய கத்தரிக்கோல். புள்ள பொழைச்சிட்டான். எங்கிட்ட பேசறதில்ல." சொல்லிவிட்டுப் பிளேன்டீயைக் குடிப்பார். இன்னொருத்தன் அண்ணன் காதைக் கடித்துத் துப்பினதைச் சொன்னான். பள்ளி வான் ஓட்டுகிற ஒருவன், நாலு வருசமாகக் குடியைத் தொடாதவன், பெண்சாதியை மாடிப்படியில் தள்ளி வயிற்றுப் பிள்ளை போனதைச் சொன்னான். சந்தையில் விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

என் முறை வந்தது. நான் எப்படிக் கடை தொடங்கினேன் என்று சொன்னேன். மதில் பாய்ந்ததைச் சொன்னேன். மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்ததால் எனக்குக் கவலை என்றும், அந்தக் கவலையில் குடி கொஞ்சம் கூடிவிட்டது என்றும் சொன்னேன். வான்காரன் மட்டும் குனிந்து சிரித்தான். கன்னத்தில் ஒன்று கொடுக்கக் கை துருதுருத்தது.

அன்றிலிருந்து குடிக்கவில்லை. அதைச் சும்மா சொல்லவில்லை. கை நடுங்கி அளவு நாடா பிடிக்க முடியவில்லை. வாளி வாளியாகச் சத்தி எடுத்தேன். ஆனாலும் குடிக்கவில்லை. பிடித்தால் பிடிதான் நான். ஆனால் சனிக்கிழமை எழும்பி நின்றால் அந்த ஒரு வசனம் மட்டும் வராது. பதிலுக்கு இன்னும் என் பெருமை வரும். மூன்று கிழமை இப்படிப் போனது. நாலாம் கிழமை, வாயால் முடியாததைச் சாமானால் செய்வோம் என்று நினைத்தேன்.

மண்டபத்தில் மணிக்கூடு இல்லை. எங்கள் ஆட்கள் எப்படி? கோயிலுக்கு ஒரு ரியூப் லைட் கொடுத்தாலும், விளக்குத் தெரிகிறதோ இல்லையோ, "உபயம்" என்று பேர் தெரியவேண்டும். மின்விசிறி இறக்கையில் பேர் எழுதிச் சுற்ற விடுகிற ஆட்கள் நாங்கள். நான் தேக்குச் சட்டம் போட்ட பெரிய மணிக்கூடு ஒன்று வாங்கி, கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் அடிப்பித்தேன்: சனிக்கிழமைக் குடி மறக்கும் கூட்டத்துக்கு உபயம். கீழே என் பேர், கடையின் பேர், இரண்டு கிளையும். அடிக்கிறவன் லக்ஷ்மி படம் போடவா என்று கேட்டான். தேவாலய மண்டபம் என்றபடியால் வேண்டாம் என்றேன். ஒருவரும் வரமுன்னம் ஏணி வைத்து, நானே சுவரில் துளை போட்டு மாட்டினேன்.

தையல்காரர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, நல்ல மணிக்கூடு. ஆனா கழட்டுங்க."

"ஏன் கழட்ட?"

"பேர் வேணாம்னு சொன்னேனே."

"அது உங்கட பேருக்கு. இது என்ர பேர், என்ர சாமான். நான் வெக்கப்படேல்லை."

"ஒங்க வெக்கம் இல்ல, தம்பி. இது எங்க கூட்டம்னு எழுதியிருக்கு. புதன்கிழமை புள்ளைங்களோட அம்மாமாரு வருவாங்க. சனிக்கிழமை இங்க யாரு வாறதுன்னு தெருவுக்கே தெரியும்."

நான் முறுகிக்கொண்டு இருந்தேன். கடைசியில் கிழவர் ஒரு கலண்டர் தாளை வெட்டி எழுத்துக்கு மேல் ஒட்டினார். என் பேருக்கு மேலே மாத நாட்கள். என் கையால் மாட்டினதில், என் கண் முன்னால் என் பேரை ஒருவன் மூடுகிறான். அந்தக் கோபம் எனக்குச் சாராயத்தை விட மோசம்.

இப்போது எழுதப்போவதை இதற்கு முன்னம் ஒருவருக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பக்கம் போனேன். கூட்டுகிற பெண் மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தாள். கதிரையில் ஏறி, நகத்தால் அந்தத் தாளைக் கிழித்தேன். பசையையும் துப்பல் போட்டுத் துடைத்தேன். எழுத்துப் பளிச்சென்று தெரிந்தது. வடிவாயிருந்தது.

அதே கிழமை வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வான்காரன் கடைக்குள் வந்தான். கக்கத்தில் என் மணிக்கூடு. கடையில் சனம்.

"முதலாளி, மணி என்னா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

நான் குனிந்தேன். தேக்குச் சட்டம் என் முகத்தில் இறங்கியது. கண்ணாடி புருவத்தைப் பிளந்தது. முன்பல் இரண்டு நாக்கில் விழுந்தன. விழுங்கிவிடப் பார்த்தேன், துப்பினேன். அவன் மேசைக்கு மேலால் பாய்ந்து என் கழுத்தைப் பிடித்துப் பைப் அடுக்கியிருந்த தட்டில் மோதினான். பைப் எல்லாம் உருண்டு எங்கள் இரண்டு பேருக்கும் மேலே கொட்டியது.

"பதினொரு புள்ளைங்க! வான்ல பதினொரு புள்ள. எல்லா அம்மாவும் நிப்பாட்டிட்டாங்க. சனிக்கிழமை கோயில் கூட்டப் போறேன்னு நாலு வருசமா சொல்லிட்டிருந்தேன். ஒங்க பேரு தெரியணும்னு எம் மூஞ்சிய சுவத்துல மாட்டிட்டீங்களே!"

அவன் வாய் என் வாய்க்குக் கிட்ட இருந்தது. சாராய மணம். நாலு வருசம் தொடாதவன் குடித்துவிட்டு வந்திருக்கிறான். சத்தியமாகச் சொல்கிறேன், பல் உடைந்து இரத்தம் வழிகிற அந்த நேரத்திலும் அந்த மணத்துக்கு என் நாக்கில் தண்ணீர் ஊறியது.

நானும் சும்மா விடுகிற ஆளில்லை. கைக்கு ஒரு முழ நீளக் கம்பித் துண்டு அகப்பட்டது. தோளில் ஓங்கி அடித்தேன். காறை எலும்பு முறிந்தது. முருங்கைக் கொப்புச் சத்தம். அதே சத்தம்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவன் சீமெந்து மூட்டையில் போய் இருந்தான். தோள் ஒரு பக்கம் தொங்கியது.

"அடிங்க, முதலாளி. இன்னொண்ணு போடுங்க. அப்புறம் பாத்ரூம்ல வழுக்கினேன்னு எழுதிக்குவோம். அந்த மண்டபத்துக்கு வாற எல்லாரோட பொம்பளையும் பாத்ரூம்லதான் வழுக்கியிருக்காங்க. நாலு வருசமா கேக்குறேன். நானும் அப்படித்தான் ஒரு வருசம் சொன்னேன்."

கடைப் பெடியள் பொலிஸைக் கூப்பிடவா என்றார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டி, ஓட்டோ ஒன்று பிடித்து அவனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பு மனைவியோடு குந்தியிருந்த அதே மர வாங்கு. அதே துண்டு எழுதுகிற பெண்பிள்ளை. "மொகத வுணே, மஹத்தயா?", என்ன நடந்தது ஐயா என்று கேட்டாள். என் வாய் தானாகவே சொன்னது, பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவன் தோளைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே பாத்ரூமிலா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

வான்காரன் சிரித்தான். தோள் நோவில் "அம்மா" என்று கத்திக்கொண்டே சிரித்தான். என் வாயிலும் சிரிப்பு வந்து, இரத்தம் சேட்டில் ஒழுகியது. அவள் சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மனைவி வந்த அன்றும் அப்படித்தான் பேனையை வைத்துவிட்டுப் பார்த்திருப்பாள். நான் கவனிக்கவில்லை. ஒருவரும் மறுத்துக் கேட்காதது என் சொல்லின் மதிப்பால் இல்லை என்று அந்த வாங்கில் இருந்துதான் விளங்கினேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. புருவத்தில் தையல், வாயில் பஞ்சு. மண்டபத்துக்குப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வான்காரன் தோளில் கட்டோடு வந்திருந்தான். எழும்பி, "இன்னைக்கு எனக்கு முதல் நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தான். நாலு வருசம் போய் முதல் நாள்.

நான் எழும்பினேன். பல் இல்லாத வாயால் சொன்னேன்.

"என்ர மனிசியின்ர கையைக் கதவு இடுக்கிலை வைச்சு உடைச்சனான். முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. அவள் நிலத்திலை இருந்தாள். எனக்குப் பசிச்சது. எழும்பி முட்டை பொரி எண்டனான். அவள் எழும்பினாள். முறிஞ்ச கையை வயித்தோட வைச்சுக்கொண்டு இடக்கையாலை முட்டை உடைச்சாள். ஓடு தாச்சிக்குள்ள விழுந்திட்டுது. அதையும் பொறுக்கி எடுத்தாள். மூண்டு முட்டை. நான் முழுக்கச் சாப்பிட்டனான். உப்புக் குறைவு எண்டும் சொன்னனான்."

ஒருவரும் கை தட்டவில்லை. தையல்காரர், "உக்காருங்க தம்பி" என்றார். வான்காரன் ஒரு கையால் பிளேன்டீ ஊற்றி என் காலடியில் வைத்தான். என் கையில் தரவில்லை.

மண்டப வாசலில் நின்றே ஹெந்தளைக்குப் போன் எடுத்தேன். இந்த முறை அவளே எடுத்தாள்.

"சொல்லிப்போட்டன்."

"முட்டையையும்?"

"ஓம். உப்பையும்."

"உங்கட கதை ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"பல்லு ரெண்டு போச்சு."

"பாத்ரூமே?"

"இல்லை. ஒருத்தன் அடிச்சவன். நான் செய்ததுக்கு."

புதன்கிழமை நான் மண்டப வாசலில் போய் நின்று, வந்த அம்மாமாருக்குச் சொன்னேன். அந்த மணிக்கூட்டில் பேர் இருக்கிற குடிகாரன் நான், வான் ஓட்டினவன் நாலு வருசம் குடியைத் தொடாதவன், என்னால்தான் திரும்பக் குடியில் விழுந்தான் என்று. ஒரு தாய் மட்டும் பிள்ளையைத் திரும்ப அனுப்புவதாகச் சொன்னாள், தோள் முறிவு சுகமானாப் பிறகு. மற்றவர்கள் குடையை விரித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு என் லொறியில் வேலை தருகிறேன் என்றேன். "ஒங்க பேரு எழுதின லொறியிலயா?" என்று கேட்டான். வரவில்லை. சனிக்கிழமைகளில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறான். கதைப்பதில்லை. என் பேர் செய்த வேலையால்தான் இந்த எழுத்தில் அவன் பேர் இல்லை, என் பேரும் இல்லை.

பிளாஸ்ரர் வெட்டின அன்று மனைவி ஹெந்தளையிலிருந்து ஓட்டோவில் வந்தாள். வெள்ளவத்தைக்குப் போகவில்லை. நேரே கொட்டாஞ்சேனைக் கடைக்கு வந்தாள். நாற்பது வருசத்தில் அவள் என் கடைக்குள் வந்து சாமான் கேட்டது அதுதான் முதல் தரம். கை மெலிந்து, வெளிறி, வேறு யாருடையதோ போலிருந்தது. என் முகத்துத் தையல் தழும்பைப் பார்த்தாள்.

"அறைக் கதவுக்கு உள்ளுக்காலை பூட்டுற தாழ்ப்பாள் ஒண்டு வேணும். உதையாலை கழராதது."

கடைப் பெடியன் என்னைப் பார்த்தான். "பெரிசைக் குடு" என்றேன். நாலு வகை எடுத்துப் போட்டான். அவள் ஒவ்வொன்றாக இடக்கையால் தூக்கிப் பாரம் பார்த்து, ஆகத் தடித்ததை எடுத்தாள்.

பின்னேரம் வெள்ளவத்தையில் நானே அதை அவளுடைய அறைக் கதவில் பூட்டினேன். பெடியளை விடவில்லை. நீள ஆணி போட்டேன். பலகையில் இல்லை, நிலைக்குள்ளேயே இறங்கும்படி. அவள் உள்ளே நின்று, முறிந்த கையாலேயே தள்ளிப் பார்த்தாள். மெதுவாக, ஆனால் கடைசி வரைக்கும் போனது.

"உமக்குக் கை நோகேல்லையே?" என்றேன், கதவுக்கு வெளியே நின்று.

"நோகுது" என்றாள் உள்ளேயிருந்து.

நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். இன்றைக்கும் கேட்டது. அரைமணித்தியாலம் நான் கதைப்பதைக் கேட்டு, குரலில் வெறி இருக்கிறதா என்று மணந்து பார்த்து, பிறகு திறப்பாள். சில நாள் திறக்கமாட்டாள். நான் உதைத்தாலும் அது கழராது. என் கடையில் இருக்கிறதிலேயே ஆக நல்ல சாமான் அது.